நிலத்துக்குக் கீழே உள்ள இடம் யாருடையது?

காபன் சேமிப்புத் திட்டங்களும் காணி உரிமையும்: வர்த்தகர்களுக்கு ஒரு பாடம்

வியாபாரத்தில் இலாபமும் நட்டமும் மாறி மாறி வரும். சரக்குத் தேங்கும், கடனுக்கு எடுத்தவர் இழுத்தடிப்பார், சந்தை விலை ஒரே இரவில் விழும். இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொள்ளும் தைரியத்தை ஒரு வியாபாரிக்குக் கொடுப்பது அவரது கடையும் காணியும்தான். வங்கிக்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது காணி உறுதி. அந்த உறுதியில் நம் பெயர் இருக்கும்வரை அந்த மண் நம்முடையது என்று நம்புகிறோம்.

ஆனால் அந்த உரிமை எவ்வளவு உறுதியானது? நாம் விற்க விரும்பாதபோது இன்னொருவர் சட்டத்தின் துணையோடு அதை எடுத்துக்கொள்ள முடியுமா? எடுப்பது அரசாங்கமாக இல்லாமல் ஒரு தனியார் கம்பனியாக இருந்தால் என்ன? நமது காணிக்கு ஒரு மைல் ஆழத்தில் உள்ள பாறையின் துளைகள் யாருக்குச் சொந்தம்?

இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல. தனியார் சொத்துரிமையின் கோட்டை என்று சொல்லப்படும் ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் 2021 ஆம் ஆண்டு முதல் விவசாயிகளும் காணிச் சொந்தக்காரர்களும் இக்கேள்விகளோடுதான் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி வந்துள்ளனர். அந்த வழக்குகளில் நமது வர்த்தகர்கள் கற்றுக்கொள்ள நிறையவே உண்டு.

திட்டம் என்ன?

அயோவா, நெப்ராஸ்கா, மினசோட்டா, தென் டகோட்டா, வட டகோட்டா ஆகிய மாநிலங்கள் சோளத்துக்குப் பெயர்போனவை. அங்கே சோளத்தைப் புளிக்கவைத்து எதனோல் என்னும் எரிபொருளைத் தயாரிக்கும் ஆலைகள் பல உள்ளன. புளிக்கும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளியேறுகிறது. அது ஏறத்தாழத் தூய நிலையிலேயே வெளிவருவதால், மற்றத் தொழிற்சாலைகளோடு ஒப்பிடும்போது அதைப் பிடித்து அடைப்பது மலிவானது.

இதைக் கருத்திற்கொண்டு சம்மிட் காபன் சொலூஷன்ஸ் என்ற கம்பனி 2021 ஆம் ஆண்டு ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஆலைகளில் வெளிவரும் வாயுவைப் பிடித்து, அமுக்கி, குழாய்வழியாக வட டகோட்டாவுக்குக் கொண்டுசென்று, நிலத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒரு மைல் ஆழத்திலுள்ள நுண்துளைப் பாறைகளில் நிரந்தரமாக அடைத்துவிடுவது என்பதே அது. திட்டம் விரிந்தபோது 57 ஆலைகள், சுமார் 2,500 மைல் நீளமான குழாய்கள், ஆண்டுக்கு 18 மில்லியன் தொன் வரை வாயு என்று கணக்குச் சொல்லப்பட்டது.

இலாபம் எங்கிருந்து வருகிறது?

வியாபாரி எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மண்ணுக்குள் புதைக்கப்படும் வாயுவைக் காசு கொடுத்து வாங்குபவர் எவருமில்லை. அப்படியிருக்க பல பில்லியன் டொலர் முதலீடு எதற்காக?

பதில் வரிச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க வரிச் சட்டத்தின் 45 கியூ என்னும் பிரிவு, நிலத்துக்கடியில் சேமிக்கப்படும் ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டுக்கும் வரிச் சலுகை வழங்குகிறது. இத்தொகை 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொன் ஒன்றுக்கு 85 டொலர் வரை உயர்த்தப்பட்டது. 12 ஆண்டுகளுக்கு இதனைப் பெறலாம். 18 மில்லியன் தொன்னை 85 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஆண்டொன்றுக்கு 1.5 பில்லியன் டொலருக்கும் அதிகம். 12 ஆண்டுகளில் 18 பில்லியனைத் தாண்டும். முழுக் கொள்ளளவும் நிறைந்தால் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை இது. இதோடு, குறைந்த காபன் கொண்ட எதனோலுக்குச் சில சந்தைகளில் கூடிய விலையும் கிடைக்கும்.

இந்த வருமானம் தொன் கணக்கில் வருகிறது. காணிச் சொந்தக்காரருக்குக் கிடைக்கும் நட்டஈடோ அவரது காணியில் குழாய் செல்லும் கீற்றின் சந்தைப் பெறுமதியை வைத்துக் கணக்கிடப்படுவது. கட்டாயச் சுவீகரிப்புச் சட்டத்தின் பொதுவான விதி இதுதான்: இழப்பவர் எதை இழந்தார் என்று பார்க்கப்படுமே தவிர, எடுப்பவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று பார்க்கப்படுவதில்லை. சாதாரண வியாபாரத்தில், வாங்குபவருக்கு அந்தப் பொருள் எவ்வளவு அவசியம் என்பதைப் பொறுத்து விற்பவர் விலை பேசலாம். சுவீகரிப்பு என்று வந்துவிட்டால் அந்தப் பேரம் பேசும் சக்தி அவரிடமிருந்து பறிபோகிறது. பிணக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தனியார் கம்பனிக்குச் சுவீகரிப்பு அதிகாரமா?

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம், நியாயமான நட்டஈடின்றித் தனியார் சொத்தைப் பொதுத் தேவைக்காக எடுக்கக்கூடாது என்கிறது. ஆக, பொதுத் தேவை இருக்க வேண்டும், நியாயமான நட்டஈடும் கொடுக்கப்பட வேண்டும். இரயில் பாதை, மின்கம்பி, எண்ணெய்க் குழாய் போன்றவற்றை அமைக்கும் தனியார் கம்பனிகளுக்கும் இந்த அதிகாரத்தை மாநிலச் சட்டங்கள் நீண்டகாலமாகவே வழங்கி வந்துள்ளன.

பொதுத் தேவை என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதை 2005 ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் காட்டியது. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரசபை, பொருளாதார அபிவிருத்தி என்ற பெயரில் மக்களின் வீடுகளை எடுத்து ஒரு தனியார் அபிவிருத்தித் திட்டத்துக்கு ஒதுக்கியது. ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் இதற்கு அனுமதி வழங்கியது. வீடுகள் அகற்றப்பட்டன. அருகில் ஆய்வுகூடம் அமைத்திருந்த ஃபைசர் கம்பனி அங்கிருந்து வெளியேறப்போவதாக 2009 இல் அறிவித்தது. திட்டமிட்ட அபிவிருத்தி நடக்காமல் அந்த இடம் பல ஆண்டுகள் வெற்று நிலமாகவே கிடந்தது. இத்தீர்ப்புக்கு எழுந்த எதிர்ப்பினால் 40 க்கும் அதிகமான மாநிலங்கள் தமது சுவீகரிப்புச் சட்டங்களைத் திருத்தின.

தென் டகோட்டா: ஒரு கேள்வி எல்லாவற்றையும் மாற்றியது

காபன் குழாய்க்குச் சம்மதிக்காத காணிச் சொந்தக்காரர்களுக்கு எதிராகத் தென் டகோட்டாவில் கம்பனி வழக்குத் தொடுத்தது. அம்மாநிலச் சட்டப்படி குழாய்வழிக் கம்பனி ஒன்று "பொதுப் போக்குவரத்தாளர்" என்றால்தான் அதற்குச் சுவீகரிப்பு அதிகாரம் உண்டு. லொறிச் சொந்தக்காரர் ஒருவர் கூலிக்கு எவரது சரக்கையும் ஏற்றிச் செல்கிறார் என்றால் அவர் பொதுப் போக்குவரத்தாளர். தன் கடைச் சாமான்களை மட்டும் ஏற்றுபவர் அப்படிப்பட்டவர் அல்லர்.

காணிச் சொந்தக்காரர்கள் தரப்பு எழுப்பிய கேள்வி எளிமையானது. சரக்கு என்றால் அதை எங்கோ ஒருவர் பெற்றுக்கொண்டு பயன்படுத்த வேண்டும். மண்ணுக்குள் நிரந்தரமாகப் புதைக்கப்படும் வாயு எப்படிச் சரக்காகும்?

2024 ஆகஸ்டில் தென் டகோட்டா மாநில உயர் நீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. வேறு பயன்பாடு எதுவுமின்றி நிலத்துக்கடியில் அடைக்கப்படும் காபனீரொட்சைட்டு ஒரு வணிகப் பண்டம் என்பது தன் முன்னுள்ள ஆவணங்களால் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அளவீடு என்ற பெயரில் காணிக்குள் நுழைந்து ஆழமாகத் துளையிடும் உரிமையையும் அது ஏற்கவில்லை. மேலோட்டமான பரிசோதனைக்கு மட்டுமே இடமுண்டு என்றது.

அதே ஆண்டு நவம்பரில், குழாய்வழிகளுக்கு உள்ளூர் நிர்வாகங்கள் விதிக்கும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டம் ஒன்றை மாநில மக்கள் வாக்கெடுப்பில் தோற்கடித்தனர். 2025 மார்ச் மாதம், காபன் குழாய்களுக்குச் சுவீகரிப்பு அதிகாரத்தைப் பயன்படுத்துவதை முற்றாகத் தடைசெய்யும் சட்டத்தில் ஆளுநர் லாரி ரோடன் கைச்சாத்திட்டார். அடுத்த மாதமே கம்பனியின் விண்ணப்பத்தை மாநில ஆணைக்குழு இரண்டாவது தடவையாக நிராகரித்தது. இதற்கு முன்னரே, இதேபோன்ற 1,300 மைல் திட்டமொன்றை முன்வைத்திருந்த நவிகேட்டர் கம்பனி 2023 ஒக்டோபரில் தனது திட்டத்தைக் கைவிட்டிருந்தது.

அயோவா: அதே குழாய், வேறு முடிவு

எல்லைக்கு அப்பால் அயோவாவில் நிலைமை தலைகீழ். 2024 ஜூன் மாதம் அங்குள்ள பொதுப் பயன்பாட்டுச் சபை திட்டத்துக்கு நிபந்தனைகளோடு அனுமதி வழங்கியதுடன், சம்மதிக்காதவர்களின் காணிகளில் வழியுரிமையைக் கட்டாயமாகப் பெறும் அதிகாரத்தையும் கொடுத்தது. அந்த அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டமூலம் ஒன்று 2025 இல் மாநில சட்டசபையின் இரு மன்றங்களிலும் நிறைவேறியது. எனினும் ஆளுநர் கிம் ரெனால்ட்ஸ் ஜூன் மாதம் அதை நிராகரித்துவிட்டார்.

ஆற்றின் ஒரு கரையில் தடை, மறு கரையில் அனுமதி. காணி ஒரே மாதிரியானது, குழாயும் ஒன்றே. மாறுபட்டது சட்டம் மட்டுமே. உறுதிப் பத்திரம் நமக்குத் தரும் பாதுகாப்பு, அதைச் சுற்றியுள்ள சட்டம் எவ்வளவு பலமானதோ அவ்வளவுதான் என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

மறு பக்கத்தின் நியாயம்

பெரும்பாலான எதனோல் ஆலைகளும் கணிசமான விவசாயிகளும் இத்திட்டத்தை ஆதரித்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். எதனோலின் காபன் அளவைக் குறைக்காவிட்டால் எதிர்காலச் சந்தையை இழப்போம், அப்போது சோளத்தின் விலையும் விழும் என்பது அவர்களது வாதம். அயோவாவில் பாதையின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குச் சொந்தக்காரர்கள் தாமாகவே உடன்பட்டதாகக் கம்பனி கூறியது. ஆயிரக்கணக்கானோர் சம்மதித்த ஒரு பாதையை நடுவில் இருக்கும் ஒருவர் தடுக்கலாமா, அல்லது மற்றவர்களை விடப் பன்மடங்கு விலை கேட்கலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. வீதியும் மின்சாரமும் நமக்கு வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட அதிகாரத்தினால்தான்.

ஆனால் ஒன்று. பின்னால் சுவீகரிப்பு என்ற தடியை வைத்துக்கொண்டு நடத்தப்படும் பேச்சுவார்த்தையில் "தாமாகவே" என்ற சொல்லின் எடை குறைந்துவிடுகிறது. இன்று கையெழுத்திடாவிட்டால் நாளை எப்படியும் எடுக்கப்படும் என்று தெரிந்தவர் போடும் கையெழுத்தை முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

பாறைத் துளைகளின் உரிமை

குழாய் போய்ச் சேரும் இடமான வட டகோட்டாவில் பிரச்சினை இன்னும் ஆழமானது. வாயுவை அடைக்கும் நுண்துளைகள் யாருடையவை? மேற்பரப்புக் காணியின் சொந்தக்காரருக்கே அவையும் சொந்தம் என்று அம்மாநிலம் 2009 இல் சட்டம் இயற்றியது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சேமிப்புப் பகுதியின் 60 வீத உரிமையைக் கொண்டவர்கள் சம்மதித்தால், மீதி 40 வீதத்தையும் திட்டத்துக்குள் இணைத்துவிட மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றும் அங்கு சட்டம் இருக்கிறது. இல்லினோய் மாநிலம் 2024 இல் இயற்றிய சட்டத்தில் இதுபோன்ற எல்லை 75 வீதம்.

இந்த 60 வீதம் என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல, உரிமையின் அளவு. ஓர் உதாரணத்துக்கு 1,000 ஏக்கர் பரப்பை எடுத்துக்கொள்வோம். அதில் இருவர் தலா 300 ஏக்கர் வைத்திருக்கிறார்கள். மீதி 400 ஏக்கரை 40 சிறு விவசாயிகள் பத்துப் பத்தாக வைத்திருக்கிறார்கள். அந்த இருவர் கையெழுத்திட்டால் 60 வீதம் நிரம்பிவிடும். 40 பேரும் ஒன்றாக மறுத்தாலும் பயனில்லை. அவர்களுக்கு நட்டஈடு உண்டு, ஆனால் தடுக்கும் உரிமை இல்லை. சிறிய பங்கு வைத்திருப்பவர்கள் பெரிய பங்காளிகளின் முடிவுக்குக் கட்டுப்படும் நிலை கம்பனிகளில் நமக்குத் தெரிந்ததுதான். இங்கே அது முதுசக் காணிக்கு வந்திருக்கிறது.

அதேவேளை, இந்தத் துளைகளும் உண்மையான சொத்தே என்பதை அம்மாநில உயர் நீதிமன்றம் 2022 இல் உறுதிப்படுத்தியது. சொந்தக்காரரின் அனுமதியோ கொடுப்பனவோ இன்றி எண்ணெய்க் கம்பனிகள் அவற்றைப் பயன்படுத்த இடமளித்த 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரதான ஏற்பாடுகளை, நட்டஈடின்றிச் சொத்தை எடுப்பதாகும் என்று கூறி அது செல்லாததாக்கியது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு எட்டாத ஒன்றுக்கும் உரிமையும் விலையும் உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆபத்து யாருடைய கணக்கில்?

2020 பெப்ரவரி 22 ஆம் திகதி மிசிசிப்பி மாநிலத்தின் சத்தார்ட்டியா கிராமத்துக்கு அருகே, கடும் மழையைத் தொடர்ந்து மண் சரிந்து ஒரு காபனீரொட்சைட்டுக் குழாய் வெடித்தது. இந்த வாயு காற்றை விடக் கனமானது. ஆகவே மேலே பறந்துவிடாமல் தாழ்வான இடங்களை நோக்கிப் படர்ந்தது. மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்பட்டன. ஒட்சிசன் போதாமல் வாகன இயந்திரங்களும் நின்றன. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டனர், 45 பேர் வைத்தியசாலையை நாடினர். உயிரிழப்பு ஏற்படவில்லை.

இத்தகைய விபத்துகள் அரிதானவை. ஆனால் அரிதான ஆபத்தையும் யாராவது ஒருவர் சுமக்க வேண்டும். குழாய் வெடித்தால் பொறுப்பு யாருக்கு? கம்பனி வங்குரோத்து அடைந்தால்? திட்டத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டால்? நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அந்தப் பாறையைக் கண்காணிப்பவர் யார்? ஒரு தடவை கொடுக்கப்படும் நட்டஈடு இந்த நீண்டகாலப் பொறுப்புக்குப் போதுமானதா? காணிச் சொந்தக்காரர்களில் பலர் பணத்தைவிட இக்கேள்விகளையே பெரிதாகக் கருதினர். 2025 ஒக்டோபரில் லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி, காபன் சேமிப்புக் கிணறுகளுக்கான புதிய விண்ணப்பங்களை ஏற்பதை இடைநிறுத்தியதற்கும் உள்ளூர் மக்களின் இத்தகைய அச்சங்கள் பின்னணியாக இருந்தன.

நமது நாட்டில் சட்டம்

இலங்கையில் அரசாங்கம் காணிகளை எடுப்பது 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க காணி எடுத்தற் சட்டத்தின் கீழாகும். அங்கும் அடிப்படைச் சொல் பொதுத் தேவை என்பதே. அச்சொல்லுக்கு எல்லை உண்டு என்பதை 2008 ஒக்டோபரில் வழங்கப்பட்ட "வோட்டர்ஸ் எட்ஜ்" தீர்ப்பு காட்டியது. பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட பத்தரமுல்லைக் காணி, கோல்ப் மைதானத்துக்காகத் தனியார் கம்பனிக்குக் கைமாறியதை நமது உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. காணியை அரசுக்குத் திருப்பித் தரும்படி கட்டளையிட்டதுடன், முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பொதுமக்களின் பெயரில் எடுக்கப்பட்டது பொதுமக்களுக்கே பயன்பட வேண்டும் என்ற கொள்கை இங்கும் வலுப்பெற்றுள்ளது.

வர்த்தகர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள்

1. உறுதியை இன்றே சீர்செய்யுங்கள். அளவைப் படம், எல்லை, பதிவு ஆகியன சரியாக இருக்கட்டும். வாரிசுகளிடையே பிரிக்கப்படாமல் கிடக்கும் முதுசக் காணிக்கு நட்டஈடு வந்தாலும் அது யாருக்கு என்ற பிணக்கிலேயே ஆண்டுகள் கழிந்துவிடும்.

2. கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக வையுங்கள். காணியோடு வியாபார வருமானத்தையும் இழப்பவர், அந்த வருமானத்தைக் காகிதத்தில் காட்ட முடியாவிட்டால் வாயால் சொல்லிப் பயனில்லை.

3. எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அதிகாரத்தில் என்று கேளுங்கள். அளவிட வருபவரிடமும் இதைக் கேட்கலாம். பதிலை எழுத்தில் பெறுங்கள்.

4. முதலில் சொல்லப்படும் விலை முடிவான விலை அல்ல. சட்டத்தரணியிடமும் சுயாதீன விலை மதிப்பீட்டாளரிடமும் காட்டாமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

5. தொகையை மட்டும் பார்க்காதீர்கள். உரிமை எத்தனை ஆண்டுக்கு? அதை வேறொருவருக்கு மாற்ற முடியுமா? சேதத்துக்குப் பொறுப்பு யார்? காப்புறுதி உண்டா? திட்டம் கைவிடப்பட்டால் காணியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது யார்? இவற்றுக்கெல்லாம் ஒப்பந்தத்தில் பதில் இருக்க வேண்டும்.

6. தனித்தனியாக நிற்காதீர்கள். தென் டகோட்டாவில் வென்றவர்கள் ஒரே வழக்கறிஞர்களை அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொண்ட அயலவர்கள். அயல் கடைக்காரர் எவ்வளவுக்குக் கையெழுத்திட்டார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கும்வரை இலாபம் மறுதரப்புக்கே.

7. காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். ஆட்சேபம் தெரிவிக்கவும் நட்டஈட்டைக் கோரவும் மேன்முறையீடு செய்யவும் சட்டம் குறிப்பிட்ட நாட்களையே தருகிறது. நியாயம் நம் பக்கம் இருந்தாலும் நாள் கடந்துவிட்டால் அதைக் கேட்பதற்கு ஆளில்லை.

அபிவிருத்தி தேவைதான். சுற்றாடலைக் காக்கும் திட்டங்களும் தேவைதான். ஆனால் ஒரு திட்டம் நல்ல நோக்கம் கொண்டது என்பதற்காக, அதற்கான விலையைச் சம்மதிக்காத ஒருவரின் தலையில் சுமத்துவது நியாயமாகிவிடாது. "பொதுத் தேவை" என்ற சொல்லோடு யார் வந்தாலும், இதில் பொது எவ்வளவு, தனி எவ்வளவு என்று நிதானமாகக் கணக்குப் பார்க்கும் உரிமை காணிச் சொந்தக்காரருக்கு இருக்கிறது. தராசு பிடித்துப் பழகிய வியாபாரிக்கு அந்தக் கணக்கு கடினமானதல்ல.